புல்லட்டில் சத்தம் இருக்கு, பீட் இல்லை: எங்கே கோளாறு?

அடிவாரம்98:

98 மாடல் புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், பாயின்ட் செட் (தீப்பொறி விழ கரண்ட்டை வெட்டிவிடற சுவிட்ச்), மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். ஒரிஜினல் சைலன்சர் அடியில துருப்பிடிச்சு ஓட்டை விழுந்ததால இப்போ ஒரு குட்டை சைலன்சர் மாட்டியிருக்கு. சத்தம் சேலத்துல அஸ்தம்பட்டி வரைக்கும் கேக்கும் போல இருக்கு, ஆனா அந்த பழைய ‘டுப்... டுப்... டுப்’ காணோம். தகர டின்னைத் தட்டுற மாதிரி இருக்கு.

இன்னும் ரெண்டு தொந்தரவு. ஏற்காடு ஏறி ஏரிப் பக்கம் நிறுத்தினா ஐட்லிங் நிக்கறதில்ல, திணறித் திணறி ஆஃப் ஆயிடுது. இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஆக்சிலேட்டரை மூடினதும் ‘பட் பட்’னு வெடிக்குது.

கூடவே ஒரு சந்தேகம். மலையில எங்கேயோ ஒரு நல்ல புல்லட் ஏறினா அடிவாரத்துல டீ குடிக்கறவங்க பேச்சை நிறுத்திட்டு காது கொடுக்கறாங்க. அதைவிட சத்தமா போற வண்டிக்கு முகம் சுளிக்கறாங்க. அப்படி என்னதான் இருக்கு அந்த பீட்ல?

பழையஇரும்பு:

கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். அது புரிஞ்சா மத்ததுக்குப் பாதி பதில் கிடைச்சிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிள் சிலிண்டர்ல கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) ரெண்டு சுத்து சுத்தினாத்தான் ஒரு தடவை பத்தும். 800 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்துல, நிமிஷத்துக்கு 400 அடி, அதாவது விநாடிக்கு ஏழுக்குக் கொஞ்சம் கம்மி. விநாடிக்கு இருபதுக்குக் கீழே இருக்கற வரைக்கும் நம்ம காது ஒவ்வொரு அடியையும் தனித்தனியா எண்ணும். அதுக்கு மேல போனா அடிகள் ஒட்டிக்கிட்டு ஒரே நாதமா கேக்கும். நாலு சிலிண்டர் கார் அதே 800ல நின்னாலே விநாடிக்கு 26 அடி தாண்டிடுது, அதனால அது ரீங்காரம்தான். புல்லட் 2,400 ஆர்பிஎம் வரைக்கும் தவில், அதுக்கு மேலதான் நாதஸ்வரம். தவில் கேட்டா காலு தானா தாளம் போடுதில்ல, அந்தக் கதைதான் இது.

ரெண்டாவது விஷயம் 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்). நீள ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல். அந்தக் கனம் இல்லாம இவ்வளவு மெதுவா ஒரு சிங்கிள் நிக்கவே நிக்காது. ஐட்லிங்ல போன தடவை எரிஞ்ச புகை கொஞ்சம் உள்ளேயே தங்கி, புதுசா வர்ற மிக்சர்ல (பெட்ரோல்-காத்துக் கலவை) கலக்கும். அதனால ரெண்டு எரிப்பு ஒரே மாதிரி இருக்காது: ஒண்ணு அழுத்தமா, அடுத்தது கொஞ்சம் மெலிசா. அந்த சின்ன அசைவைத்தான் நாம ‘உயிர் இருக்கு’ன்னு சொல்றோம். கம்ப்யூட்டர் ஐட்லிங்கைப் பிடிச்சு வைக்கற புது வண்டிகள் ஆயிரம் ஆர்பிஎம்மை ஒட்டி ஒழுங்கா நிக்கும். குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அசைவு குறையும்.

இடைவெளி மாறினாலும் ஆசை வரும். ராயல் என்ஃபீல்டு 650 ட்வின்ல கிராங்க் 270 டிகிரி, அதனால ஒரு எரிப்புக்கும் அடுத்ததுக்கும் 270, அப்புறம் 450. ஹார்லி 45 டிகிரி வி-ட்வின்ல 315, 405. நொண்டி நடை மாதிரி ஒரு தாளம். அந்தச் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு ஹார்லி கம்பெனி 1994ல மனு போட்டு, 2000ல வாபஸ் வாங்கிச்சு. தாளத்துக்குப் பட்டா கேட்ட ஒரே கம்பெனி அதுவா இருக்காது, ஆனா கேட்ட தைரியம் பெருசு.

ஆக, டெசிபலை ஏத்தினா பீட் வராது. அடிக்கும் அடிக்கும் நடுவுல இருக்கற அமைதியைக் குட்டை சைலன்சர் கிழிச்சுடுது. உள்ளே கண்ணாடிப் பஞ்சு சுத்தின ஓட்டைக் குழாய் ஒண்ணு மட்டும்தான் இருக்கும். பஞ்சு எரிஞ்சு வெளியே பறந்ததும் மெல்லிசு தகடு தானா அதிரும். நீ சொல்ற டின் சத்தம் அதான்.

ஸ்பேனர்_செவ்வாய்ப்பேட்டை:

மேலே சொன்னது சரி. இப்போ கை வேலை. வரிசை மாத்தாதீங்க, கார்புரேட்டரை முதல்ல தொட்டீங்கன்னா ரெண்டு தடவை வேலை.

முதல்ல புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளற கம்பி). இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும். பிளக்கைக் கழட்டிட்டு, பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கோட உச்சிக்கு வரணும். பேரலுக்குக் கீழே இருக்கற டேப்பட் மூடியைத் திறந்தா ரெண்டு ராடும் தெரியும். விரலால உருட்டினா தாராளமா சுத்தணும், மேலே கீழே தூக்கினா துளி ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அளவு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற தகடு) வேண்டாம். டைட்டா இருந்தா சூடானதும் வால்வு முழுசா உக்காராது: பீட் மெலியும், வெடிக்கும், நாளடைவில எக்ஸாஸ்ட் வால்வு தீஞ்சு போகும். லூசா இருந்தா டிக் டிக்னு ஒரு சத்தம் பீட்டையே மறைச்சிடும். லாக் நட்டை இறுக்கினதும் மறுபடி உருட்டிப் பாருங்க, இறுக்கும்போது அளவு நகர்றது சகஜம்.

அடுத்து பாயின்ட். முழுசா திறந்த நிலையில இடைவெளி 0.35ல இருந்து 0.40 மி.மீ. பாயின்ட் முகம் குழி விழுந்திருந்தா தேய்ச்சு காலம் தள்ளாம மாத்திடுங்க. அதுக்குப் பின்னாடி இருக்கற ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் ஏறினா தீப்பொறி நேரத்தை முன்னாடி நகர்த்தற அமைப்பு) வெயிட், ஸ்பிரிங் ரெண்டையும் பாருங்க. பாதிப் பேர் விடறது இங்கதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தா ஐட்லிங்லயே டைமிங் முன்னாடி ஓடிடும்; ஆர்பிஎம் இறங்க மாட்டேங்கும். ஐட்லிங்ல தீப்பொறி தாமதமா விழறதாலதான் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது அழுத்தம் மிச்சம் இருந்து கனமான ‘டுப்’ வருது. அதுக்காக வேணும்னே இன்னும் பின்னாடி தள்ளாதீங்க. ஹெட்டும் பெண்டு பைப்பும் (ஹெட்டுல இருந்து சைலன்சருக்குப் போற வளைஞ்ச குழாய்) சூடேறி, மலையில இழுவை செத்துடும்.

இப்போ வெடிச்சத்தம். ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது மிக்சர் சரியா எரியாம சைலன்சருக்குப் போகும். பெண்டு பைப்பு ஹெட்டுல சொருகற இடத்துல லீக் இருந்தா வெளிக்காத்து உள்ளே இழுபடும். ரெண்டும் சேர்ந்து சூடான புகை பட்டதும் பட்! இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கொளுத்தின ஊதுபத்தியை அந்த ஜாயின்ட்கிட்ட சுத்திப் பிடிங்க. கார்புரேட்டர் பக்கம் கொண்டு போயிடாதீங்க. புகை துடிச்சா லீக். பைப்பைக் கழட்டி, கரியைச் சுரண்டி, கூல்டிரிங்ஸ் கேன் தகட்டை ஒரு சுத்து வெட்டி வச்சு, எக்ஸாஸ்ட் பேஸ்ட் தடவிச் சொருகுங்க. கீழே பிராக்கெட் போல்டு லூசா இருந்தா இந்த வேலை ஒரு மாசம் தாங்காது.

கடைசியா கார்புரேட்டர். பத்து நிமிஷம் ஓட்டி சூடு பண்ணுங்க. ஏர் ஸ்க்ரூவை மெதுவா அடி வரைக்கும் மூடி, ஒன்றரை சுத்து திறங்க. ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கிட்டு, ஸ்க்ரூவை இப்படி அப்படிக் கால் சுத்தா திருப்பி, ஆர்பிஎம் எங்கே அதிகமோ அங்கே நிறுத்துங்க. அப்புறம் ஐட்லிங்கை இறக்கணும். ஒரு சுத்துக்குள்ளேயே உச்சம் வந்தா பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடற துளை) சின்னது, இல்லேன்னா அடைப்பு. ரெண்டு சுத்து தாண்டினா ஜெட் பெருசு. குட்டை சைலன்சரோட இந்த செட்டிங் பண்ணி, சைலன்சர் மாத்தினதும் மறுபடி பண்ண வேண்டி வரும். அதனால கார்புரேட்டரைத் தொடறதுக்கு முன்னாடியே சைலன்சரை மாத்திடுங்க.

ஏற்காட்டுல திணறறது கோளாறே இல்ல. சேலத்துக்கும் ஏரிக்கும் சுமார் 1,200 மீட்டர் உயர வித்தியாசம். மேலே காத்து கிட்டத்தட்ட 11 சதவீதம் மெலிசு. பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாம வர்றதால மிக்சர் கெட்டியாகுது. மேலே போனதும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து திறந்தா நிக்கும். கீழே வந்ததும் அந்தக் கால் சுத்தை மறக்காம மூடுங்க. மறந்தா அடுத்த தடவை இங்கேயே வெடிக்கும், அப்புறம் ஊதுபத்தி வச்சுத் தேடுவீங்க!

ஓமலூர்_ஆயில்இன்ஜின்:

பீட் ஏன் இழுக்குதுன்னு கேட்டதுக்கு இன்னொரு கோணம். கிணத்து மேட்டுல ஓடற லிஸ்டர் டைப் ஆயில் இன்ஜின் 650 ஆர்பிஎம், விநாடிக்கு அஞ்சு அடி சொச்சம். ஃபுட் வால்வு (கிணத்துக்குள்ள குழாய் நுனியில இருக்கற வால்வு) லீக்காகி பம்புல தண்ணி நின்னு போச்சுன்னா லோடு போயிடும், கவர்னர் (வேகத்தை ஒரே அளவுல வைக்கற கருவி) டீசலைக் குறைக்கும், ‘தொம் தொம்’ மெலிசாகி ‘தக் தக்’ ஆயிடும். வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கறவர் எந்திரிச்சு ஓடுவார். வேலை நடக்குதா இல்லையான்னு சேதி சொல்ற சத்தம் அது. மலை ஏறற புல்லட்டையும் ஜனங்க அப்படித்தான் கேக்கறாங்க: எந்த கியர், எவ்வளவு பாரம், மூச்சு வாங்குதா இல்லையா. வெறும் டமாரத்துல சேதி ஏது?

டூஸ்ட்ரோக்தாசன்:

எல்லாரும் தவில் பக்கமே சாஞ்சா எப்படி. டூ ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை பத்தும். 7,500ல விநாடிக்கு 125. அங்கே தாளமே இல்ல, ராகம்தான். அதுவும் நேரா ஏறாது. எக்ஸ்பான்ஷன் சேம்பர்ல (டூ ஸ்ட்ரோக் சைலன்சரோட உப்பின பகுதி) பின்கூம்பு பட்டுத் திரும்பற அழுத்த அலை, வெளியே தப்பிக்கப் பார்க்கற புது மிக்சரை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வரம்புலதான் பொருந்தி வரும். அந்த இடத்துல சத்தமும் இழுவையும் சேர்ந்து நிமிரும். அதுக்குத்தான் அடிமையானோம்.

சேம்பரை வெட்டிக் குட்டையாக்கறவங்களுக்கு: அலை சீக்கிரம் திரும்பும், பவர் மேலே தள்ளிப் போகும், கொண்டை ஊசியில வெளியே வரும்போது வண்டி படுத்துக்கும். சத்தம் மட்டும் மிச்சம். சத்தம் மழுங்கிப் போச்சுன்னா முதல்ல பின்னாடி இருக்கற பேஃபிளைக் (சத்தம் குறைக்கற உள்குழாய்) கழட்டி 2டி ஆயில் கரியை எடுங்க.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. டூ ஸ்ட்ரோக்ல ஆக்சிலேட்டரை முழுசா மூடி கியர்லயே மலை இறங்கக் கூடாது. ஆயில் பம்பு ஆக்சிலேட்டர் கேபிளோட சேர்ந்தது. மூடினா ஆயில் குறையும், ஆனா பிஸ்டன் வேகமா ஓடிக்கிட்டிருக்கும். அப்பப்போ கிளட்ச் பிடிச்சு லேசா ஆக்சிலேட்டர் கொடுங்க, இல்லேன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும்.

அடிவாரம்98:

எல்லாருக்கும் நன்றிங்க. ஊதுபத்தி வச்சுப் பார்த்ததுல பெண்டு பைப்பு ஹெட்டுல சொருகற ஜாயின்ட்ல புகை நல்லா துடிக்குது. சைலன்சரை ஒரிஜினல் மாதிரி நீளமானதுக்கே மாத்திடறேன். ரெண்டு கேள்வி: திரும்பத் துருப்பிடிக்காம இருக்க என்ன பண்ணலாம்? பீட் இன்னும் மெதுவா விழ ஐட்லிங்கை 500க்கு இறக்கலாமா?

ஸ்பேனர்_செவ்வாய்ப்பேட்டை:

வேண்டாம் தம்பி. இந்த இன்ஜின்ல ஆயில் பம்பை கிராங்க் நுனியில இருக்கற வார்ம் கியர் ஓட்டுது. கிராங்கே மெதுவா சுத்தினா பிக் எண்டுக்கும் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கற இடம்) மேலே ராக்கருக்கும் (வால்வை அழுத்தற கை) ஆயில் போய்ச் சேராது. சார்ஜும் ஏறாது, ஹெட்லைட் மின்மினிப் பூச்சியாயிடும். 800க்குக் கீழே இறக்காதீங்க. போட்டோ எடுக்க ஒரு நிமிஷம்னாலும் வேண்டாம்.

துருவுக்குக் காரணம் தண்ணி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். அஞ்சு ரோடு வரைக்கும் போய்த் திரும்பறதுக்குள்ள சைலன்சர் சூடாகாது, ஆவி உள்ளேயே தண்ணியா நின்னுடும். அடியில சின்னதா ஒரு துளை இருக்கான்னு பாருங்க, அடைச்சிருந்தா ஒரு கம்பியால குத்திவிடுங்க. வாரம் ஒரு தடவை இருபது கிலோமீட்டராவது ஓட்டணும்.

பழையஇரும்பு:

பழைய குட்டை சைலன்சரை ‘இருக்கட்டும்’னு பரண்ல போட்டு, ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுக்கு மட்டும் மாட்டற யோசனை இருந்தா அதையும் விட்டுடுங்க. 175 சிசிக்கு மேல இருக்கற டூ வீலருக்குத் தயாரிப்பு நிலை வரம்பே 80 டெசிபல்தான். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூணு மாசம் வரை சிறையோ, கூடவே மூணு மாசம் லைசென்ஸ் தகுதி நீக்கம். வண்டியை மாத்தி அமைச்சதுக்கு 182ஏ(4) தனி. சட்டத்தை விடுங்க, மேலே காப்பித் தோட்டத்துல காட்டெருமை நிக்கற இடத்துல ‘பட் பட்’னு வெடிச்சுக்கிட்டு ஏன் போகணும்?

சைலன்சர் வாங்கும்போது கையால தட்டிப் பாருங்க. ‘டங்’னு நீண்டு ஒலிச்சா தகடு மெல்லிசு, ‘தொக்’னு அடங்கினா எடுத்துக்கலாம்.