லொறி பார்க்கிங் ஏசி: காஸ் குறைவா, அடைப்பா?

அண்ணைமார், ஒரு உதவி. யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றுகிற லொறி. கூரையில் 24 வோல்ட் பார்க்கிங் ஏசி, எஞ்சினை நிறுத்தினாலும் பற்றறியில் ஓடுவது. இரவில் இறக்கக் காத்துக் கிடக்கும்போது அதுதான் உயிர். இப்போது கொம்பிரசர் ஓடுகிறது, வருவது வெறும் ஃபான் காற்று. பற்றறி 25.4 வோல்ட், பில்டர், கொண்டென்சர் கழுவியாயிற்று.

மூடியைக் கழற்றினால் கூலிங் கொயிலில் காஸ் நுழைகிற பக்கம் மட்டும் நாலு விரலளவு பனி, மிச்சம் காய்ந்து கிடக்கிறது. திரும்பி வரும் தடித்த குழாய் குளிரவேயில்லை. ஒரு நட்டடியில் எண்ணெய்ப் பசை, அதில் தூசி. லீக் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கொயிலுக்குக் காஸ் விடுகிற மெல்லிய குழாய், அந்தக் கேபிலரி அடைத்தாலும் இப்படித்தானே காட்டும்?

கராஜில் "காஸ் அடிச்சாச் சரி" என்கிறார்கள். ஓட்டை வாளிக்கு எத்தனை தரம் தண்ணீர் ஊற்றுவது? நைட்ரஜன் விட்டு லீக் பார்த்து, வெக்யூம் பிடித்து (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), தராசில் நிறுத்துக் காஸ் ஏற்றுகிற ஆள் யாழ்ப்பாணப் பக்கம் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை லோட் இருக்கிறது.