4294967297-ஐ உடைக்க 641 எப்படி அகப்பட்டது?

உப்புவெளியான்:
திருகோணமலையில் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறேன். ரியூசனில் சேர் 4294967297 என்று பலகையில் எழுதிவிட்டு, கல்குலேட்டர் தொடாமல் காரணிப்படுத்திக்கொண்டு வரச் சொன்னார். இது 2^32+1 என்பது வரைக்கும் சரி. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3 போகாது. பிறகு 7, 11, 13 என்று 97 வரைக்கும் போய்ப் பார்த்தும் சரிவரவில்லை. வர்க்கமூலம் 65536 கிட்ட வருகிறது, அதுக்குள் 6542 முதன்மை எண்கள் இருக்கிறதாம், விடிய விடிய வகுத்தாலும் முடியாது. நெற்றில் 641 என்று விடை கிடக்கிறது. அதை ஒரு மனிசன் எப்படிப் பிடித்தான் என்பதுதான் என் கேள்வி.

கோணமலை:
தம்பி, 97 வரைக்கும் மினக்கெட்டதே வீண். p என்ற முதன்மை எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். p-ஆல் வகுத்தால் 2^32-க்கு மீதி -1, வர்க்கித்தால் 2^64-க்கு மீதி 1, அதற்கு முந்திய எந்த வலுவிலும் மீதி 1 வராது. அப்படியென்றால் பெர்மாவின் சிறிய தேற்றப்படி (p வகுக்காத எண்ணை p-1 ஆம் வலுவுக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1) p-1 ஆனது 64-இன் மடங்காக இருந்தே ஆகவேண்டும். 65, 129 என்று 64 கூட்டிக்கொண்டு போய் முதன்மை எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறார்! கணிதமேதை ஆய்லர் 1732இல் இதை 641 × 6700417 என்று உடைத்தார். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு 1 கூட்டினால் வரும் பெர்மா எண்களான 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை என்பதால் அடுத்ததும் அப்படித்தான் என்று நம்பியவர் பெர்மா. தன் தேற்றத்தையே கையில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டிருக்கிறார் பாருங்கள்.

நிலாவெளி ரீச்சர்:
641 தெரிந்துவிட்டால் வகுக்கவே தேவையில்லை. 641 = 5×2^7+1, ஆகவே 5×2^7-க்கு மீதி -1. நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5^4×2^28-க்கு மீதி 1. இனி 641 = 5^4+2^4 என்பதால் 5^4 இருக்கிற இடத்தில் -2^4 போடலாம். போட்டால் -2^32-க்கு மீதி 1, அதாவது 2^32+1 மீதியில்லாமல் போகிறது. அழகான வித்தைதான், ஆனால் கண்டுபிடிக்க உதவாது, சரிபார்க்க மட்டும்.

உப்புவெளியான்:
நன்றி அண்ணா, நன்றி ரீச்சர். அப்ப 6700417 இனியும் உடையுமா? சேர் கட்டாயம் கேட்பார்.

கோணமலை:
உடையாது. 1878இல் லூக்கா என்ற கணிதர் இன்னும் இறுக்கிவிட்டார்: காரணி 128k+1 வடிவில்தான் வரும். 6700417-இன் வர்க்கமூலம் 2589-க்குள், அதுவரைக்கும் இந்த வடிவில் உள்ள முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான். 257 பெர்மா எண், இரண்டு பெர்மா எண்களுக்குப் பொதுக்காரணி கிடையாது, அதை விடுங்கள். மற்ற நாலுக்கும் மீதி முறையே 44, 120, 334, 622. அந்த வகுத்தல்களைக் கொப்பியில் செய்து காட்டுங்கள், வெறும் விடையை எழுதினால் நெற்றில் பார்த்தது என்று சேர் பிடித்துவிடுவார்.