டிஸ்லெக்சியா பிள்ளைக்கு டேப்லெட் வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

ஆயர் ஈத்தாம் அம்மா:
வணக்கம். பையன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. போன வருஷம் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் வரும் சிரமம், என்று உறுதியானது, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டும் வந்துவிட்டது. கதை சொன்னால் நாள் பூரா கேட்பான், அப்படியே திருப்பியும் சொல்வான், ஆனால் அதையே புத்தகத்தில் வாசி என்றால் இரண்டாவது வரியிலேயே வயிறு வலிக்கிறது என்கிறான். ஒரு மையத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, டேப்லெட்டும் மென்பொருளும் சேர்த்து 2,300 ரிங்கிட் பேக்கேஜ் எடுக்கச் சொன்னார்கள். பையனை ஒரு வரி வாசிக்கச் சொல்லவில்லை. தமிழ் வாசிக்குமா என்றதற்கு, பிறகு அப்டேட் வருமாம். வீட்டுக்காரர் வாங்கிவிடலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. எந்தக் கருவி தேவை என்பதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

கேஎல் வாத்தியார்:
அக்கா, காசை வெளியே எடுக்காதீர்கள். சிறப்புக் கல்வி வகுப்பு எடுக்கிறவன் என்பதால் சொல்கிறேன். உதவித் தொழில்நுட்ப நிபுணர் ஜாய் ஸபாலா வகுத்த 'செட்' (SETT) முறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை எப்படி, அவன் இருக்கும் சூழல் எப்படி, அங்கே அவன் செய்ய வேண்டிய வேலை என்ன, இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் கருவி. உங்களிடம் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவன் பார்க்காத இரண்டு பத்திகள், ஏறக்குறைய ஒரே கஷ்டம். ஒன்றை அவனே வாசிக்கட்டும், மற்றதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகள், வாயால் மட்டும். நீங்கள் வாசித்ததில் நாலு சரி, அவன் வாசித்ததில் ஒன்றுதான் என்றால், புரிவதில் சிக்கல் இல்லை, எழுத்தைக் கூட்டுவதில்தான் சிக்கல். வாசித்துக் காட்டும் கருவி அவனுக்கு உதவும். இரண்டிலுமே தடுமாறினால் அது மட்டும் போதாது, பேச்சு, மொழித் திறனைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும்.

எங்கே தடுக்குகிறான் என்பதையும் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் ஒரு பையன் 'கொடி'யை 'கெடி' என்றே வாசிப்பான். ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். கொம்பைப் பிடித்ததும் காலை விட்டுவிடுவான். அவனுக்குப் பெரிய எழுத்துத் தாளும், வரிக்கு அடியில் வைக்க ஒரு அட்டைத் துண்டும் போதுமாக இருந்தன. அட்டை மைலோ டப்பாவில் வெட்டியது.

பிறை அண்ணன்:
வாத்தியார் சொன்ன 'சூழல்' இருக்கிறதே, நாங்கள் மாட்டியது அங்கேதான். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் எழுத்தை வாசித்துக் காட்டும் மலேசியத் தமிழ்க் குரலே இருக்கிறது, இலவசம், மகள் வீட்டில் நன்றாகப் பழகிவிட்டாள். ஆனால் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் போட்டோஸ்டாட் தாளைப் பிடித்த படம், அதைக் குரல் வாசிக்காது. பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் என்றால் கேட்கவே வேண்டாம், வாய்க்கு வந்தபடி உளறும். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு எழுத்தாக்கினால் ஓரளவு தேறும். பள்ளிக்குப் போன் கொண்டுபோகவும் முடியாது. அதனால் வகுப்பில் எதை அனுமதிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் ஓகேயு பிள்ளைக்கு வாங்கும் அடிப்படை உதவிக் கருவிகளுக்கு வருமான வரியில் 6,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. டேப்லெட் அதில் சேருமா என்று வரி வாரியத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் பேச்சை நம்பாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அம்மா:
நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். அவன் வாசித்ததில் ஒன்று சரி. நான் வாசித்ததில் ஐந்தும் சரி, கூடவே கதையில் இல்லாத ஒரு நாயையும் சேர்த்துவிட்டான். 'யானை', 'வேலை', 'பறவை' மூன்றிலும் நின்றுவிட்டான். வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தார், பேக்கேஜ் பேச்சை எடுக்கவில்லை. ஐகாரத்துக்கும் மைலோ டப்பாதானா வாத்தியார்?

கேஎல் வாத்தியார்:
நாயைச் சேர்த்ததற்குக் கவலைப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. ஐகாரக் குறியை மட்டும் சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள், வீட்டுப்பாடத்துக்கு எட்ஜ் குரலைப் பழக்குங்கள். இரண்டு வாரம் கழித்து வேறு இரண்டு பத்திகளை எடுத்து இதே சோதனையைச் செய்து, எண்ணிக்கையை இங்கேயே போடுங்கள்.