ஓனர் போனில் பேசியதை அவருக்குத் தெரியாமல் ரெக்கார்டு செய்தேன், செல்லுமா?

கேள்வி:
மடிப்பாக்கத்தில் வீட்டைக் காலி செய்து நான்கு மாதமாகிறது. 80,000 ரூபாய் அட்வான்ஸில் பாதிதான் வந்தது. "மீதியைப் பொங்கலுக்குள் தந்துவிடுகிறேன்மா" என்று ஓனர் சொன்னது என் போனில் இருக்கிறது. பின்னால் குக்கர் விசில்கூடக் கேட்கிறது. இப்போது முழுவதும் கொடுத்துவிட்டேன் என்கிறார். கோர்ட்டில் காட்டலாமா?

பதில்:
காட்டலாம் சகோதரி. நீங்களே பேசிய பேச்சுதானே. பேசிய ஒருவரின் சம்மதத்தோடு எடுத்த பதிவை 1972இலேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

பதில்:
போனை மாற்றிவிடாதீர்கள், மூலப் பதிவு அதிலேயே இருக்கட்டும். பாரதிய சாக்ஷிய அதினியம் (இப்போதுள்ள சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

கேட்டவர்:
சரி. ஓனர் தன் மகனிடம் பேசுவதையும் பதிவு செய்து தருகிறேன் என்கிறார் மாடிவீட்டு அக்கா.

பதில்:
ஐயோ, வேண்டவே வேண்டாம்! அது நீங்கள் இருவரும் இல்லாத பேச்சு.