பழைய ஓட்டுக் கட்டடம்: காசு அனுப்புமுன் வாசிக்கவும்

உறவுகளுக்கு வணக்கம்.

நம்முடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாடிக் கட்டடம் கட்ட ஆளுக்கு நூறு பவுண் கேட்டுச் சங்கத் தலைவர் போட்ட மடல் எல்லோருக்கும் கிடைத்திருக்கும். அங்கே நிற்கிற பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுத்தான் அது எழும்பப் போகிறது என்று அதில் ஒரு வரி இல்லை. திருவிழாவுக்குப் போய்வந்த சின்னம்மா படம் எடுத்து வந்திருக்கிறா. விறாந்தைத் தூண்களில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டாயிற்று. இரண்டு ஜன்னல் நிலையைக் காணவில்லை. யார் வளவில் கிடக்கிறது என்பதற்கும் படம் இருக்கிறது, இப்போதைக்கு விடுகிறேன்.

கட்டடம் பழுதாம். ஏன் பழுது? அது சுண்ணாம்புச் சுவர். நிலத்து ஈரத்தை இழுத்தாலும் காற்றில் விட்டுவிடும். திருத்துகிறோம் என்று அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, சாந்து பொருக்குப் பொருக்காகக் கழலும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்: கழன்றிருப்பது இடுப்பளவு வரைதான், சீமெந்து பூசிய இடம் மட்டும். மேலே கூரையில் முதிரை மர வளை அப்படியே நிற்கிறது. 1978 சூறாவளி ஓட்டைத்தான் அள்ளிக்கொண்டு போனது, மரத்தை அசைக்கவில்லை. சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு பூசத் தெரிந்த மேசன் ஒருவரைப் பிடித்தால் போதும்.

மாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மைதானத்துக்குப் பின்னால் கட்டலாம், அந்தக் காணி பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தது. அந்தக் கதையை எடுத்தால் மட்டும் எல்லோருக்கும் காது கேட்காது.

பொறியியலாளர் அறிக்கை இருந்தால் காட்டட்டும். 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், ஆனால் இலங்கைக் குடியுரிமை உள்ளவர்தான் கேட்க வேண்டும். நம்மில் பாதிப்பேர் அதை விட்டாயிற்று. கையெழுத்து வைக்க நம்முடைய கோயில் நிர்வாகி வண்ணக்கர் சம்மதித்திருக்கிறார். அறிக்கை வரும்வரை ஒருவரும் காசு அனுப்பாதீர்கள்.

பெரிய வளவுத் தம்பி, லண்டன்

*

மச்சான், சுவர் கிடக்கட்டும். சுனாமிக்குச் சேர்த்த காசில் வாசிகசாலைக்கு ஒதுக்கின மிச்சம் எங்கே? கணக்கறிக்கையில் 'தளபாடம்' என்று ஒரே வரி. எத்தனை மேசை, எத்தனை கதிரை, எந்தத் தச்சுப் பட்டறை? பொருளாளர் என் தங்கச்சி மாப்பிள்ளை, அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது. இன்னொன்று: அரசாங்கப் பள்ளிக்கூடத்து மரம் அரசாங்கச் சொத்து. அவ்வளவு முதிரையும் ஓடும் இறங்கினால் யாருக்குப் போகும்? ஏல அறிவித்தல் யாராவது கண்டீர்களா? கண்டால் பிடிஎஃப் அனுப்பவும்.

ஓவசியர் மகன், டொரண்டோ

*

தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதச் சொல்லி எனக்குத் தனிமடல் வந்திருக்கிறது. வேண்டாம் ராசா. 1940 தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815க்கு முந்தியதென்றால் ஒரு கதை. நம்முடையது மிஷன் காலத்துக் கட்டடம், 1960 சட்டத்துக்குப் பிறகு அரசாங்கம் எடுத்தது. நூறு வருஷம் கடந்திருந்தால் அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்கலாம், அதற்குப் பிறகு ஓடு மாற்றவும் திணைக்களத்தைத்தான் கேட்க வேண்டும். 2020இல் கிழக்குக்கென்று தொல்பொருள் செயலணி போட்டார்களே, முதல் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரோ முஸ்லிம் பெயரோ இருந்ததா? அவர்களை நாமே கூப்பிட்டு வளவுக்குள் விடுவதா? தம்பி சொல்கிற மாதிரி அறிக்கை கேட்டு எழுதுகிற கடிதத்தோடு நிறுத்துவோம்.

மாமி, சூரிச்

*

தம்பிக்குத் தலைவர் எழுதுவது.

காணிக் கதையை இழுக்காதே, அது உன் அப்பாவுக்கும் தெரியும். நானும் அந்த விறாந்தையில் பணிசுக்கு வரிசையில் நின்றவன்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் எங்களுக்கும் பாடமாகிவிடும், அப்படிப் படித்தது. அதற்காக? பக்கத்து ஊரில் மாடி நிற்கிறது, நம்முடைய பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மாரி மழைக்குக் கதிரையை இழுத்து இழுத்து இருக்கிற பிள்ளைக்கு உன் முதிரை வளை என்ன செய்யும்? உன் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்?

90இல் உன்னைக் கொழும்பு லொறியில் ஏற்றிவிட்டது யார் என்பதையும் சின்னம்மாவிடம் கேட்டுக்கொள்.

சனிக்கிழமை ஸூம் கூட்டம், இலங்கை நேரம் இரவு எட்டரை. கணக்கு அன்றைக்குக் காட்டப்படும். லண்டன் தராவிட்டால் நோர்வே தரும், ஏற்கனவே சொல்லிவிட்டார்கள்.