மாணவர்கள் வைத்த விருந்து: சினிமாக்காரர்களை அருகில் பார்த்த அனுபவங்கள்

பசடேனாவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற பொறியாளர்

1967-ல் எம்.எஸ். படிக்க லாஸ் ஏஞ்சலஸ் வந்தேன். சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமாக யு.எஸ்.சி. என் பாடம் மின்பொறியியல். சினிமாத் துறைப் பக்கம் போக எனக்கு எந்தக் காரணமும் கிடையாது. ஆனால் கையில் காசு இல்லாத வெளிநாட்டு மாணவர்களுக்கு அன்று கிடைத்த வேலை, வளாகத்து விருந்து மண்டபத்தில் பரிமாறுவது. அந்த வேலைதான் டெல்டா கப்பா ஆல்ஃபா என்ற மாணவர் சங்கத்தின் விருந்துகளுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிறைய உண்டு. பெரும்பாலானவை ஒன்றாகத் தங்குவதற்கும் சனிக்கிழமைக் கொண்டாட்டங்களுக்கும். இது அப்படியல்ல. சினிமா படிக்கிறவர்கள் 1936-ல் தங்கள் தொழிலுக்கென்றே தொடங்கிய சங்கம். படமெடுத்துப் பெயர் வாங்கியவர்களைக் கௌரவ உறுப்பினராக்கி, அதற்கு ஒரு விருந்து வைப்பார்கள். அழைப்பவர்கள், மேடை போடுகிறவர்கள், படத் துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள் எல்லாம் மாணவர்களே. பேராசிரியர்கள் கூட இருப்பார்கள். ஆனால் ஓடியாடுவது பையன்கள்தான்.

அந்தத் துறைக்கும் ஹாலிவுட்டுக்கும் உறவு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஆஸ்கர் விருது கொடுக்கும் அகாடமியும் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் 1929-ல் அங்கே சினிமா வகுப்பைத் தொடங்கின. அகாடமியின் முதல் தலைவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸே வந்து பாடம் எடுத்தார். 1932-ல் சினிமாவுக்கென்று பி.ஏ. பட்டம் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு பெருமை இருந்தும் நான் பார்த்தபோது துறை நடந்தது பழைய மரக் கொட்டகைகளில். மாணவர்களே அதைக் குதிரை லாயம் என்பார்கள். ‘யதார்த்தம் இங்கே முடிகிறது’ என்று யாரோ எழுதிவைத்த வாசகம் அந்தத் துறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிறகு ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய ஜார்ஜ் லூகாஸ், வால்டர் மர்ச், ஜான் மிலியஸ் எல்லாம் அந்த ஆண்டுகளில் அங்கே படித்தவர்கள். எங்களுக்கு அப்போது அவர்கள் தாடி வைத்த, தூக்கம் கெட்ட பையன்கள், அவ்வளவுதான்.

நடிகை மே வெஸ்ட் வந்த 1968 விருந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்று எனக்கு வேலை இல்லை, என் அறைத்தோழன் போயிருந்தான். திரும்பி வந்து விடியும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தான். அந்த அம்மாளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மேடை நாடகத்துக்காக 1927-ல் சிறைக்கே போனவர். முப்பதுகளில் ஹாலிவுட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 1943-க்குப் பிறகு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. எழுபதைத் தாண்டிவிட்டார். ஸ்டுடியோக்கள் மறந்த ஒருவரை, அவர் படங்கள் வந்தபோது பிறந்தே இராத பையன்கள் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், மேடையேறினார். இரண்டாண்டு கழித்து, 1970-ல், மறுபடி திரையிலும் தோன்றினார்.

நான் கண்ணால் பார்த்தது வேறொரு இரவு. எனக்கு அதுதான் பெரியது.

வழக்கமான ஏற்பாடுதான். வாடகைக் கோட்டில் மாணவர்கள், வட்ட மேசைகள், கோழி, உருளைக்கிழங்கு மசியல், காப்பி. பாராட்டப்படும் இயக்குநரின் படங்களிலிருந்து காட்சிகளைக் கோத்து ஒரு சுருள் தயாரித்திருந்தார்கள். மண்டபத்தின் பின்னால் ஒரு மேசையில் பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர். பாதியில் ஃபிலிம் அறுந்தது. திரை வெள்ளையாகி, பேச்சுச் சத்தம் எழுந்தது. ஓட்டிக்கொண்டிருந்த பையனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

முன்வரிசை மேசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து பின்னால் வந்தார். மேடைக்கு அழைக்கப்பட்டவர் அல்ல, இயக்குநரோடு வந்த விருந்தாளி. எடிட்டர் என்று பிறகு தெரிந்தது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அறுந்த முனையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஒரு கணம் பார்த்தார். ‘அடுத்தது அவள் கதவைத் திறக்கும் ஷாட்’ என்றார். பிறகு இரண்டு முனைகளையும் சட்டக் கோட்டில், அதாவது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில், நேராக வெட்டி, ஒரு முனையின் ஓரத்தில் இருந்த ரசாயனப் பூச்சைப் பிளேடால் சுரண்டினார். அவசரமே இல்லை. அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியாகத் தெரியும்வரை சுரண்டி, ஊதித் துடைத்து, ஒட்டுத் திரவத்தை ஒரே இழுப்பில் தடவி, அழுத்தியில் வைத்து மூடினார். பையனிடம், ‘பூச்சு துளி மிச்சம் இருந்தாலும் ஒட்டு நிற்காது, சுரண்டும்போது அவசரப்பட்டால் ஓட்டும்போது அழவேண்டும்’ என்றார்.

படம் மறுபடி ஓடியது. கதவு திறந்தது, அவள் நின்றாள்.

அதன்பிறகு அவர் தன் மேசைக்குத் திரும்பவேயில்லை. புரொஜெக்டர் மேசையைச் சுற்றி முதலில் மூன்று நான்கு பேர், பிறகு பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு ஷாட்டை எங்கே விடுவது, சிரிப்பு வரும் இடத்தில் எத்தனை சட்டம் கூடுதலாக வைப்பது என்று கேள்வி மேல் கேள்வி. அவருக்குக் காப்பி கொண்டுபோனவன் நான். கோப்பையை வைத்துவிட்டு நகர மனம் வரவில்லை. மேற்பார்வையாளர் கண்ணால் அதட்டியபிறகுதான் போனேன். முன்னால் மேடையில் பாராட்டுரை நடந்துகொண்டிருந்தது, நன்றாகவே பேசினார்கள். ஆனாலும் அந்த மாணவர்கள் அன்று எதைக் கற்றுக்கொண்டு போனார்கள் என்று என்னைக் கேட்டால், பின்னாலிருந்த அந்த மேசையைத்தான் காட்டுவேன்.

* * *

மயிலாப்பூரிலிருந்து ஒரு பழைய பட ஆர்வலர்

பசடேனா ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன அதே துறையின் தொடக்க கால மாணவர்களில் ஒருவர் நம் ஊருக்கு வந்து தமிழ்ப் படம் எடுத்தார். இங்கே யாராவது அவரைப் பற்றி எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதாததால் நானே எழுதுகிறேன்.

எல்லிஸ் ஆர். டங்கன். 1909-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். யு.எஸ்.சி.யில் சினிமா படிக்கும்போது கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் அழைத்துத்தான் 1935-ல் இந்தியா வந்தார். கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கி நடித்தார் என்று நம் தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்த ‘பக்த நந்தனா’ரை இயக்கியவர் அந்த டாண்டன்தான். டங்கனின் முதல் தமிழ்ப்படம் 1936-ல் வந்த ‘சதிலீலாவதி’. எம்.ஜி.ஆருக்கு முதல் படம் அது. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. பிறகு பாகவதரின் ‘அம்பிகாபதி’, எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘சகுந்தலை’, ‘மீரா’, கடைசியில் 1950-ல் கலைஞர் வசனத்தில் ‘மந்திரிகுமாரி’. தமிழ் தெரியாமலே இத்தனையும்! வசனத்தைப் பக்கத்தில் ஒருவர் எடுத்துச் சொல்ல, அவர் நடிகரின் முகத்தையும் கேமராவையும் பார்த்துக்கொள்வார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், டங்கன் ஊருக்குத் திரும்பி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், தொண்ணூறுகளில் சென்னைக்கு மறுபடி வந்தார். திரையுலகம் பாராட்டு நடத்தியது. எண்பதைக் கடந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குச் சந்தன மாலை போட வரிசையில் நின்ற கூட்டத்தின் ஓரத்தில் நானும் இருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் கையில் எதுவும் கொண்டுவரவில்லை. ஸ்டுடியோவில் லைட் பிடித்தவராம். பெரிய மனிதர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கிட்டே போய்க் கும்பிட்டுவிட்டு, உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே நீட்டி வெளிச்சத்தை மறைப்பதுபோல் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. டங்கன் முகம் மலர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இவரை நினைவிருந்ததா என்று நான் சொல்ல முடியாது. அந்தச் சைகை புரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குள் அடுத்த மாலை வந்துவிட்டது. பெரியவரை நகரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த இருவரையும் ஒரு மேசையில் அரைமணி நேரம் உட்காரவைத்து, இளம் ஒளிப்பதிவாளர்கள் நாலு பேரைச் சுற்றி நிறுத்தியிருந்தால் எவ்வளவோ கிடைத்திருக்கும். டங்கன் 2001-ல் காலமானார். அந்த லைட்மேன் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லையே என்று இப்போது படிக்கிறவர்கள் கேட்பீர்கள். வாசலில் தேடினேன், போய்விட்டிருந்தார்.

* * *

சென்னையிலிருந்து ஒரு காட்சித் தொடர்பியல் ஆசிரியை

இரண்டு பேரும் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பசடேனா ஐயா, உங்கள் டெல்டா கப்பா ஆல்ஃபா நடுவில் நெடுநாள் இயங்காமல் கிடந்தது. 2009-ல் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாத தொழில்முறைச் சங்கமாக இப்போது நடக்கிறது. அதைப் பற்றிப் படித்தபோதுதான் நம் பிள்ளைகளை வைத்து இப்படி ஒன்று செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது.

நம் கல்லூரிகளில் சினிமாக்காரர்களை அழைப்பது எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆண்டு விழாவுக்கு நடிகர் வருவார், ஆரவாரம், பொன்னாடை, நினைவுப்பரிசு, ‘ஒரு டயலாக் சொல்லுங்க சார்’, கார் கிளம்பிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவே அவ்வளவு தூரம் வைத்தால் வேறென்ன கேட்க முடியும்?

நாங்கள் வைத்தது சாப்பாடு. வகுப்பறை மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, வாழையிலை போட்டு, பிள்ளைகளே பரிமாறினார்கள். பொன்னாடை இல்லை. வந்தவர் நடிகர் இல்லை. நெகட்டிவ் கட்டிங் செய்துவந்த ஓர் அம்மா. படச்சுருள் போய் டிஜிட்டல் வந்ததும் அந்த வேலையே இல்லாமல் போனது. இன்றைய பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வேலை இருந்தது என்றே தெரியாது. எடிட்டர் வெட்டி ஒட்டுவது பிரதியில். அசல் நெகட்டிவ் லேபில் பத்திரமாக இருக்கும். எடிட்டிங் முடிந்தபின், ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பிரதியோடு பொருத்திப் பார்த்து, அசலை அதே இடத்தில் வெட்ட வேண்டும். தவறாக வெட்டினால் அந்தச் சட்டம் திரும்ப வராது. ஷூட்டிங்குக்கு ஆன செலவு முழுவதும் ஒரு கத்தரியின் கீழ் இருக்கும்.

சாப்பிடும்வரை அவர் அதிகம் பேசவில்லை. ‘நான் என்னம்மா பேசறது, நான் படத்துல எங்கயும் வரமாட்டேனே’ என்றார். இலை எடுத்தபிறகு ஒரு மாணவி பழைய ஃபிலிம் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். உடனே அவர் தன் பையைத் திறந்து வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷமாக அதைப் பையிலேயே வைத்திருக்கிறார்! துண்டை ஓரங்களில் மட்டும் பிடித்து, எண்ணைப் படித்து, ‘நடுவுல விரல் பட்டா அந்த ரேகை அம்பது அடி திரையில அம்பது அடிக்குத் தெரியும் கண்ணு’ என்றார். பேச்சு பிறகு நிற்கவில்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்து விடிகாலையில் பிரதி தியேட்டருக்குப் போன தீபாவளிகள், கத்தரியை வைப்பதற்கு முன் எண்ணை வாய்விட்டு இரண்டுமுறை சொல்லிக்கொள்ளும் பழக்கம், வேலை நாளில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது.

எங்கள் துறையில் ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் எவ்வளவு சொன்னாலும் அலட்சியமாக இருப்பார்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று ஒரே குழப்பம். அந்த அம்மா போன மறுவாரம் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் தாங்களாகவே உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண் போட்டு ஒரு பதிவேடு தொடங்கியிருந்தார்கள். நான் சொல்லிச் செய்யவில்லை.

இந்தப் பருவத்தில் லேபில் நிறம் சரிபார்க்கும் கிரேடிங் வேலை செய்த ஒருவரையும், டப்பிங்கில் காலடிச் சத்தமும் வளையல் சத்தமும் செய்து கொடுத்த எஃபெக்ட்ஸ் கலைஞர் ஒருவரையும் அழைக்க நினைத்திருக்கிறோம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் அப்படி யாரையாவது தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். போக வர வண்டி நாங்கள் அனுப்புகிறோம். மாடி ஏற முடியாதவர் என்றால் கீழ்த்தளத்திலேயே இலை போட்டுவிடுவோம். மயிலாப்பூர் ஐயா, நீங்களும் கட்டாயம் வரவேண்டும்; டங்கனைப் பற்றிப் பிள்ளைகள் உங்களிடம் கேட்க ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள்.