'மேகமூட்டம் 10 விழுக்காடு' என்று எழுதலாமா?

சுங்கை சிப்புட், ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளி வானியல் கழகத்துக்காக, தொலைநோக்கியைத் திடலுக்குக் கொண்டுபோகும் முன் வானிலைச் செயலிகளை எப்படிப் படிப்பது என்று சிறு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வானத்தில் எத்தனை பங்கை மேகம் மறைக்கும் என்பதைச் செயலிகள் விழுக்காட்டில் தருகின்றன. 'மேகமூட்டம் 10 விழுக்காடு' என்று எழுதிக் காட்டினேன். "அப்படியென்றால் இன்று பார்க்க முடியாதா, டீச்சர்?" என்றாள் ஐந்தாம் ஆண்டு மாணவி. கேட்டது நியாயம். செய்தியில் மேகமூட்டம் என்றாலே வானம் இருண்டிருக்கிறது என்றுதான் பொருள். எண்ணோடு ஒட்டும் சொல் வேண்டும்.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர்:
டீச்சர், முகில் இருக்க வடசொல் எதற்கு? 'முகிற்பரப்பு' என்று எழுதுங்கள். முகை, முகிழ், முகில் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. மேலெழுவது எழிலி, நீர் கொண்டது கொண்டல். தாழ்முகிலுக்குக் கொண்டல், இடைமுகிலுக்கு எழிலி, உயர்முகிலுக்கு மஞ்சு என்று வைத்தால் மூன்று அடுக்குக்கும் பெயர் கிடைத்துவிடும்.

கிள்ளான், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மஞ்சு மலைமேல் தவழ்வது. 6 கிலோமீட்டருக்கு மேலே பனிப்படிகமாக நிற்பதற்கு அதை எப்படி வைப்பது? ஆண்டாளே மேகங்களை 'மேகங்காள்' என்றுதான் அழைக்கிறாள். விண்ணில் விரித்த மேலாப்பு என்றும் சொல்கிறாள். 'மேலாப்பு 10 விழுக்காடு' என்றால் என்ன குறை?

தாப்பா, தோட்டத்தில் வளர்ந்தவர்:
எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே அண்ணாந்து பார்த்து 'மப்பாக இருக்கிறது' என்பார்கள். மரம் நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அவர்கள் நாவில் இருந்த சொல்லை விட்டுவிட்டு நிகண்டில் ஏன் தேடுகிறோம்?

பினாங்கு, வானம் பார்ப்பவர்:
வானிலை ஆய்வாளர்கள் வானத்தை எட்டுப் பங்காக்கி, மறைந்த பங்கை எண்ணுகிறார்கள்: 0 தெளிவு, 8 முழுதும் மூடியது. எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்ற சொல் நம்மிடம் உண்டு.

சொல் எதுவானாலும் கையேட்டில் இதைச் சேருங்கள், டீச்சர். உங்கள் பக்கம் பிற்பகலில் தித்திவாங்சா மலைத்தொடரை ஒட்டி இடிமேகம் எழும். மழை ஓய்ந்த பின்பும் அதன் உச்சியிலிருந்து பரவிய உயர்மேகம் இரவில் தங்கிவிடும். செயலிகளுக்கு எண் தரும் கணினிக் கணிப்புகள் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஐரோப்பியக் கணிப்பின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்கக் கணிப்பான ஜிஎஃப்எஸ்ஸின் கட்டம் சுமார் 13. தனி இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்வதால் இடமும் நேரமும் பிசகும். இரண்டும் ஒத்துப்போகும் நாளில் சற்று நம்பலாம். மாலைக்குப் பிறகு ஹிமாவரி செயற்கைக்கோள் படமே துணை; 10 நிமிடத்துக்கு ஒன்று வரும். இருட்டியபின் அகச்சிவப்புப் படம்தான் உண்டு. அதில் தாழ்மேகம் தரையின் வெப்பத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பும். மேகம் மொத்தம் 90 விழுக்காடு என்றதும் தொலைநோக்கியை மூடவும் வேண்டாம். அத்தனையும் மெல்லிய உயர்மேகமானால் நிலவும் வியாழனும் தெரியும். மங்கலான விண்மீன்கள்தான் கிடைக்கா.

ஈப்போ, விரிவுரையாளர்:
அரைக்கால் என்றதும் மகிழ்ந்தேன். 'முக்காலே மூன்று வீசம்' என்று இன்றும் சொல்கிறோமே, அது பதினாறில் பதினைந்து. பின்ன வாய்பாட்டைப் பள்ளியில் விட்டது பெரிய இழப்பு. எட்டில் மூன்று பங்கு மறைந்தால் 'காலே அரைக்கால்' என்று எழுதலாம்.

சுங்கை சிப்புட், ஆசிரியை:
பின்னத்தைத் தனிப் பாடமாக நடத்துகிறேன், ஐயா. மேலாப்பு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதை விளக்கவே ஒரு பத்தி வேண்டும். மப்பு வானத்தின் நிலையைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. தனிமடலில் எழுதியவர்கள் பெரும்பாலும் 'மேகமறைப்பு' என்கிறார்கள். 'மேகமறைப்பு 10 விழுக்காடு' என்று அதே மாணவியிடம் காட்டினேன். "பார்க்கலாம்" என்றாள். அச்சுக்கு அனுப்புகிறேன்.

பினாங்கு, வானம் பார்ப்பவர்:
நிலா ஒரு விண்மீனை மறைப்பதையும் 'மறைப்பு' என்றுதானே எழுதிவருகிறோம்? இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால்?

ஈப்போ, விரிவுரையாளர்:
முகிற்பரப்பில் அந்தச் சிக்கல் இல்லை.